பிடிக்கக் கொடுத்த கச்சை

"புடி சரியா?"

அவரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் காதில் விழுகிறது. முகம் அதன் பிறகே வருகிறது. காசிமேட்டுக்கு வடக்கே, கட்டுமரங்களை இழுத்து வைக்கும் மணல்மேட்டில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவர் எதிராளியின் முன் மண்டியிட்டுத் தன் வலத்தோளை அவன் வலத்தோளில் சாய்த்துக்கொண்டு இதைக் கேட்பார். அவர் இடுப்பையும் வலத்தொடையையும் சேர்த்துச் சுற்றியபடி ஒரு சிவப்புக் கச்சை இருக்கும். எதிராளிக்கும் அப்படியே. ஒருவர் கச்சையை மற்றவர் பற்றிக்கொள்ள வேண்டும். இருவருக்கும் பிடி வாகாக அமைந்த பின்னரே ஒன்றாக எழ வேண்டும். எழுந்த பின் முழங்காலோ அதற்கு மேற்பட்ட உறுப்போ யாருக்கு முதலில் மணலில் படுகிறதோ அவர் தோற்றவர். அவர் பிறந்த கொரியாவில் இந்த மல்லுக்குச் சிரும் என்று பெயர்.

அவர் பெயரைப் பிழையில்லாமல் உச்சரிக்க நான் பழகியிருந்தேன். ஆயினும் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

ஐம்பதுகளின் நடுவில், அந்த நாட்டுப் போர் ஓய்ந்த பின்பு, கைதி முகாமில் 'வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம்' என்று சொல்லிவிட்ட சிலரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் சென்னைக்கு வந்தது. அவர்களை ரயிலில் வட இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு வருடத்துக்குள் இவர் மட்டும் திரும்பி வந்துவிட்டார். கடல் கண்ணில் படாத ஊரில் தனக்கு உறக்கம் வரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். இராயபுரத்து மரவாடி ஒன்றில் தடி சுமக்கும் வேலை கிடைத்தது. நாங்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தனத்தின் கடைசி அறையில் தங்கிக்கொண்டார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியை. அம்மா இல்லாத வீடு. அப்பா துறைமுகத்தில் எடைமேடைக் குமாஸ்தாவாக இருந்தார்.

தெரு அவரைச் சீனாக்காரர் என்றது. சீனாக்காரர் என்றால் பல் வைத்தியர் என்பது அந்நாளைய சென்னையின் கணக்கு. அவர் வந்த முதல் வாரமே மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு அவர் அறை வாசலில் குந்தி, வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினாள். அவரும் குனிந்து, வெளிச்சத்துக்கு அவள் தலையைச் சற்றுத் திருப்பிப் பொறுமையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் வாயைத் திறந்து, தன்னிடம் இல்லாத இரண்டு பற்களின் இடத்தைக் காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் குடித்தனக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

முப்பத்திரண்டு வயதுக்காரர், பத்து வயது கூட்டிச் சொன்னாலும் நம்பத்தக்க முகம். உட்காரும்போது சுமையை இறக்கிவைப்பவரைப் போல மெதுவாக, முதலில் கையை ஊன்றி உட்காருவார். ஆரம்பத்தில் அவருக்கு நான்தான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். 'நான் களைப்பாக இருக்கிறேன்' என்பது அவர் விரும்பிக் கேட்டுக்கொண்ட முதல் வாக்கியம். ஆனால் என் தமிழ் அவர் நாவில் தங்கவில்லை. மரவாடியும் கடற்கரையும் கற்பித்ததுதான் தங்கியது. மூன்று மாதத்தில், என்னைக் கண்டால் வணக்கத்துக்குப் பதிலாக, "ஓஞ்சு பூட்டேன், டீச்சர்" என்பார். அதில் முறையீடு இராது. வெயிலடிக்கிறது என்று நாம் சொல்வதைப் போலச் சொல்வார்.

மாலைகளில் அப்பாவோடு சதுரங்கம் ஆடுவார். அது அப்பாவுக்குப் பெரும் சோதனையாக இருந்தது. தன் குதிரையை எங்கே கொண்டுபோகப் போகிறார் என்பதை இரண்டு நகர்த்தலுக்கு முன்பே விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்.

"ஐயா, இங்க வரேன். பாத்துக்க."

"நீங்கள் சொல்லிவிட்டு வந்தால் நான் என்னத்தை ஆடுவது?" என்று அப்பா காயைத் தட்டிவைப்பார். அவர் போன பின் என்னிடம், "இவரோடு ஆடுவது எனக்கு நானே கடிதம் எழுதிக்கொள்வது போல இருக்கிறது" என்பார். மறுநாள் மாலை ஆறு மணியானதும் பலகையை விரித்து வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருப்பதும் அப்பாதான்.

மணல்மேட்டில் அவர் நடத்திய மல் வகுப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர். மல் ஆசானை அழைப்பதுபோல அவரை 'வஸ்தாது' என்றே அழைத்தார்கள். தண்டையார்பேட்டைத் தோல் கிடங்கில் கட்டுச் சுமக்கும் காசிம் பாய் ஒருவர். நாற்பதைக் கடந்தவர், நான்கு பிள்ளைகளின் தகப்பனார். மற்றவர் வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வரும் ஏழுமலை. ரயில்வே பணிமனைத் தொழிலாளி, குத்துச்சண்டையில் அந்த வட்டாரத்தில் பேர் எடுத்தவர். விதிகளை விளக்கத் தொடக்கத்தில் நான் தேவைப்பட்டதால், அப்பாவின் துணையோடு கவிழ்த்த படகொன்றின் மீது உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். நான் தேவைப்படாத காலத்திலும் அந்த வழக்கம் நீடித்தது.

இரண்டு மாதம் அவர் எவரையும் எழவே விடவில்லை. கச்சை கட்டுவது, மண்டியிடுவது, தோள் சாய்ப்பது, பிடி கொடுப்பது, அவிழ்ப்பது, மறுபடி கட்டுவது. ஏழுமலைக்குக் குத்துச்சண்டைப் பழக்கம். கை தானாக முகத்துக்கு நேரே எழும், இடுப்பு தானாகப் பின்வாங்கும். அவர் ஒவ்வொரு முறையும் அந்த இடுப்பைத் தட்டி முன்னே இழுப்பார்.

"இன்னா வஸ்தாது, ரெண்டு மாசமா துணி கட்டிக்கினு குந்திக்கினே கீறோம். ஆட்டம் எப்போ?"

"நீ இன்னும் குடுக்கல."

"இன்னாத்த குடுக்கணும்?"

"புடி. எனக்குப் புடி குடுக்கல. வவுத்த இஸ்துக்கினே கீற."

காசிம் பாய் மணலில் படுத்துச் சிரித்தார். "கல்யாணம் ஆவாதவன்ல! இஸ்துக்கினுதான் இருப்பான். எனக்குப் பாரு, வூட்ல நாலு புள்ளைங்க நாலு பக்கமும் புட்ச்சிக்கினு தொங்குதுங்க. பழகிப் பூட்ச்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை அவரைச் சீண்டிப் பார்க்க நினைத்தார். இருவரும் மண்டியிட்டாயிற்று. "புடி சரியா?" என்றார் அவர். "இல்ல" என்றார் ஏழுமலை. சிறிது நேரம் கழித்து மறுபடியும், "சரியா?" "இன்னும் இல்ல வஸ்தாது." ஏழுமலை எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் மூன்றாம் முறை கேட்கவில்லை. தோளைச் சாய்த்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் இருந்தார். வெயில் ஏறியது. மணலில் சூடு பிடித்தது. ஈக்கள் அவர் முதுகில் வந்து உட்கார்ந்தன. எண்ணூர் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போயிற்று. கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஏழுமலையின் முகத்திலிருந்த குறும்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"வஸ்தாது, நான் சும்மா சொன்னேன்யா. புடி எப்பவோ சரியாய்டுச்சு. எய்ந்திருய்யா."

"இப்போ சரியா?"

"சரி, சரி."

எழுந்த மாத்திரத்தில் உள்காலைப் போட்டு ஏழுமலையை வீழ்த்திவிட்டார். பிறகு கைகொடுத்து எழுப்பி, முதுகில் ஒட்டிய மணலைத் தம் உள்ளங்கையாலேயே தட்டிவிட்டார். கோபம் துளியும் இல்லை. எதிராளி பிடி இல்லை என்று சொன்னால் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அவர் இங்கே இருப்பதற்கு ஆண்டுதோறும் அனுமதி வாங்க வேண்டும். அந்த முத்திரை விழாவிட்டால் ஏதேனுமொரு கப்பலில் ஏற்றிவிடுவார்கள். வடக்கே போனால் திரும்பிவர மறுத்த துரோகி. தெற்கே போனால் எதிரியின் படையில் நின்றவன். இரண்டு கரையிலும் அவருக்குக் காத்திருந்தது ஒன்றுதான். தெருவாரின் மனுக்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுப்பவள் என்பதால் அவருக்கும் நானே எழுத வேண்டியிருந்தது. ஏன் நாடு திரும்பவில்லை, நடத்தை எப்படி, ஏன் இங்கே இருக்க விரும்புகிறார் என்பனவற்றை இரண்டு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் சதுரங்கப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒண்ணு கீது. எய்து, டீச்சர்."

"சொல்லுங்கள்."

"காம்புல ஒரு ஆளு. எங்க ஊரு. சின்னதுலேந்து என்னோட மல்லு கட்டுவான். அவன் வூட்டுக்குப் போறேன்னான். அம்மா கீதுன்னான். மத்தவங்க போவக்கூடாதுன்னாங்க. என்னிய புடிக்கச் சொன்னாங்க."

என் பேனா நின்றுவிட்டது.

"நான் பின்னால நின்னு புட்ச்சேன். நல்லா புடிப்பேன்ல, அதான் என்னிய சொன்னாங்க. அவங்க அட்ச்சாங்க. அவன் கைக்கு ஒண்ணும் கெடைக்கல. நான் மட்டும் புட்ச்சுகினு கீறேன்."

அப்பாதான் கேட்டார். "பிழைத்தாரா?"

"நான் வுட்டேன். அவன் வுழுந்தான். எய்ந்துக்கல, ஐயா."

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை உருட்டினார்கள். அவர் தம் கைகள் இரண்டையும் மேசை மேல் மல்லாத்தி வைத்திருந்தார்.

"இதை எழுதினால் அனுமதி கிடைக்காது" என்றேன். "கொலைக்கு உடந்தை என்பார்கள். கப்பலேற்றிவிடுவார்கள்."

"தெரியும். எய்து. ஆபீசருக்குப் புடி வேணும்ல? ஒண்ணும் குடுக்காம எப்டி கேக்கறது?"

நான் எழுதுவதுபோல எழுதினேன். மரவாடி முதலாளி இவருடைய நேர்மையைப் பாராட்டுகிறார் என்பதை வேறு சொற்களில் இன்னொரு முறை எழுதி அந்த இடத்தை நிரப்பினேன். பிறகு முழுவதையும் தமிழில் படித்துக்காட்டினேன். தாளில் இல்லாத அந்த நான்கு வரிகளையும் இருப்பவைபோல, உரிய இடத்தில் நிறுத்திப் படித்தேன். என் குரல் நடுங்கவில்லை என்பதை இன்றும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன். அவர் தலையசைத்தார். தம் எழுத்தில் கையொப்பமிட்டார்.

அவர் போன பின் அப்பா அந்தத் தாள்களை வாங்கிப் படித்தார். எடைமேடையில் முப்பது வருடம் ஆங்கிலச் சீட்டு எழுதியவர். மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"குண்டூசி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு மாதத்தில் அனுமதி வந்துவிட்டது. அன்று அவர் எங்கள் வாசலில் வந்து நின்ற நிலையை எப்படிச் சொல்வேன்? கையை ஊன்றாமல் உட்கார்ந்தார். அதை அன்றுதான் பார்த்தேன்.

"எல்லாம் தெரிஞ்சும் வுட்டுட்டாங்க, டீச்சர். புட்ச்சாங்க. தூக்கிப் போட்டிருக்கலாம். போடல."

"ஆமாம்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணல்மேட்டில் அவர் தம் மாணவர் இருவரையும் உட்காரவைத்து, அந்த முகாமில் நடந்ததைத் தாமாகவே சொன்னார். சர்க்காருக்கே தெரிந்துவிட்டது, இனி இவர்களுக்கும் தெரியவேண்டும் என்று எண்ணியிருப்பார் போலும். படகின் மீது உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றுதான் தோன்றிற்று. இவர்களில் ஒருவர் ஒரு டீக்கடையில் வாய்தவறிச் சொன்னால் போதும்.

ஏழுமலை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காசிம் பாய் எழுந்து, கச்சையை உதறிக் கட்டிக்கொண்டு அவர் முன் மண்டியிட்டார்.

"வா, வஸ்தாது. வெயிலு ஏறுது. புடி."

மூன்று வாரம் கழித்து ஏழுமலையும் வந்தார். மண்டியிட்டதும் இடுப்பைத் தானாகவே முன்னே கொடுத்தார்.

அந்த வருடம் முழுவதும் நான்தான் களைத்துப்போனேன். அவர் நிம்மதியாக உறங்கினார் என்பதைச் சுவருக்கு அப்பாலிருந்து வரும் குறட்டை சொல்லிற்று. அந்த உறக்கத்துக்கு அடியில் நான் வைத்த பொய் இருக்கிறது என்பது என் உறக்கத்தைக் கெடுத்தது. நன்மைக்காகச் சொன்னதுதானே என்று பலமுறை எனக்கே எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். நான் படித்த புத்தகங்களில் அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் வேண்டிய அளவு இருந்தது, எதுவும் உதவவில்லை.

மறுவருடம் பழைய அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "அதே மாதிரி எய்து, டீச்சர். ஒரு வரி வுடாத."

நான் சொல்லிவிட்டேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், எழுதாததையும், எழுதியதாகப் படித்ததையும், குண்டூசி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பலகையிலிருந்து தலை நிமிரவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. "அப்போ இன்னா எய்திகினு கீது? படி" என்றார். என்னிடமிருந்த நகலை இம்முறை உள்ளது உள்ளபடி தமிழில் படித்தேன். உழைப்பாளி, ஒழுக்கமானவர், எவருக்கும் தீங்கு நினையாதவர்.

"நல்ல ஆளா கீறானே" என்றார். "யாரு அது?"

மறுநாள் விடுப்பெடுத்துக்கொண்டு அவரோடு அனுமதி வழங்கும் அலுவலகத்துக்குப் போனேன். என்னைத் தடுக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை. பேருந்தில் என் முன்னிருக்கையில் உட்கார்ந்து, கச்சையைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். அதை எதற்காக எடுத்துவந்தார் என்று நான் கேட்கவில்லை.

அதிகாரி வயதானவர், மேசையின் இருபுறமும் கட்டுக்கட்டாகக் கோப்புகள். முகத்தில் இவருடையதைப் போன்றே ஒரு களைப்பு. இவர் நின்றபடியே, தமக்குத் தெரிந்த தமிழில், முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அதிகாரி பாதியில் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றார்?"

"ஒரு மரணத்தில் தமக்குப் பங்கு உண்டு என்கிறார்."

"எங்கே? நம்ம லிமிட்லயா?"

"இல்லை. அவர்கள் நாட்டில், முகாமில், போரின்போது."

"பாரத்தில அதுக்கு எடமே இல்லையேம்மா." கோப்பை இழுத்து என் பக்கம் திருப்பினார். போன வருடம் நான் குத்திய குண்டூசி உப்புக்காற்றில் துருவேறித் தாளோடு ஒட்டியிருந்தது. முதல் தாளின் மூலையில் முத்திரை. அப்பா மடித்த மடிப்பு இரண்டாம் தாளில் அப்படியே இருந்தது. அதை யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. நான் எழுதாமல் விட்டதும் அந்த இரண்டாம் தாளில்தான்.

"சார், நீ கேளு சார்" என்றார் இவர்.

"கேட்டேம்பா. ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கே. போய் நல்லபடியா இரு." முத்திரை விழுந்தது. கெட்ட மனிதர் அல்லர் அந்த அதிகாரி. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பும்போது அவர் பேருந்தில் ஏற மறுத்துவிட்டார். இராயபுரம் மணிக்கூண்டு கண்ணுக்குத் தெரியும்வரை நடந்தோம். அங்கே நின்று, "அந்தாளு புடிக்கவே இல்ல, டீச்சர். போன வருசமும் இல்ல, இந்த வருசமும் இல்ல" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் ஒரு வருசமா சும்மா தூங்கிக்கினு இருந்தேன்" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்த முத்திரை சட்டைப்பையில் இருந்தது. அன்றிலிருந்து சுவருக்கு அப்பால் குறட்டைச் சத்தம் நின்றுபோயிற்று. மணல்மேட்டுக்கும் போகவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை காசிம் பாயும் ஏழுமலையும் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலை நான் இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு, அப்பாவையும் அழைத்துக்கொண்டு, அவர் அறைக்குப் போனேன். "சொல்லுங்கள், எழுதுகிறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். சொன்னார். அந்த நண்பரின் பெயர், ஊர், முகாமில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது, தாம் விட்டது, அவர் விழுந்தது. எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். படித்துக்காட்டினேன். இம்முறை அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று வரிக்கு வரி பார்த்து, "இருக்கிறது" என்றார். அவர் தம் எழுத்தில் கையொப்பமிட்டார்.

இரண்டாம் தாளை என் பெயரில் எழுதினேன். இன்ன மனுவில் இன்ன வரிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு, இருப்பதாகப் படித்து ஏமாற்றியவள் நான், இன்ன பள்ளியின் ஆசிரியை. அதைக் கொண்டுபோய் யாரிடம் கொடுத்தாலும் என் வேலை போய்விடும். அது அவருக்கும் தெரியும். அவர் அறியாமல் அவரைப் பின்னாலிருந்து பிடித்தவளாகத்தான் ஒரு வருடம் இருந்திருக்கிறேன். அவர் கைக்கும் ஒன்று கிடைக்க வேண்டும் என்று தோன்றிற்று. கையொப்பமிட்டு, படித்துக்காட்டி, அவரிடம் நீட்டினேன். அவருடைய தாளை நான் வைத்துக்கொண்டேன்.

மறுபடியும் ஒருமுறை நான் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான்காக மடித்தார். சுருட்டி வைத்திருந்த சிவப்புக் கச்சையை அவிழ்த்து, அதன் மடிப்புக்குள் வைத்து, மறுபடி சுருட்டினார். வெளியே காசிம் பாயின் குரல் கேட்டது: "வஸ்தாது, கீறியா இல்லியா?"

நான் அந்தத் தமிழை அதற்குமுன் பேசியதில்லை, பிறகும் பேசியதில்லை.

"புடி சரியா?" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சரியில்லாமல் 'சரி' என்று சொல்கிறவர் அல்லர் என்பதால், நான் காத்திருந்தேன்.